பெரிய வெள்ளியன்று பாய் விரித்தவர்கள்

டோறினுக்கு நீந்தத் தெரியாது. பதினொரு வருடமாகக் கணவனோடு பாய்மரப் படகில் கடலோரமாகப் போய் வருகிறாள், இன்னமும் தெரியாது. யாராவது கேட்டால், "விழாம இருக்கத் தெரியும். அது காணும்" என்பாள்.

வீடு ஒக்லாந்து ஏவன்டேலில், ரயில் பாதையை ஒட்டி. வேலை, வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். காலையில் ஆட்களை எழுப்பிக் கழுவித் துடைத்து உடுப்பு மாட்டுவது, குளிசை கொடுத்து விழுங்கிவிட்டார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது, விழுந்தவரைத் தனியே தூக்கப் போய்த் தன் இடுப்பையும் ஒடித்துக்கொள்ளாமல் மணியடித்து இன்னொருத்தியைக் கூப்பிடுவது. இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. அவளுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பல்செட்டைத் தேடிப் போட்டுக்கொள்ளும் கிழவர்கள் அங்கே உண்டு.

புருஷன் யூட், மன்னார் பேசாலைக்காரர். தகப்பனும் தகப்பனின் தகப்பனும் மீன்பிடி. யூட் எஞ்சின் திருத்தப் பழகி, ஒக்லாந்துக்கு வந்து பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் வேண்டாம் என்று விட்ட பழைய படகு ஒன்றை வாங்கி, இரண்டு குளிர்காலம் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்து திருத்தி, மன்னார் மாதா கோயிலை நினைத்து 'மடு' என்று பெயர் எழுதித் தமாக்கி ஆற்றில் ஒரு மிதவையில் கட்டி வைத்திருந்தார். நியூசிலாந்துக் காற்றுக்கும் அவர் மன்னார்ப் பெயர்தான் சொல்வார். கிழக்கிலிருந்து அடித்தால் கொண்டல், மேற்கிலிருந்து அடித்தால் கச்சான்.

படகில் டோறினின் வேலைகள் திட்டமானவை. சமையல், கயிறு சுருட்டுவது, முன்பாயை இழுப்பது, நங்கூரத்தைக் கழுவுவது, அவர் சொல்லும்போது பாயின் கட்டைக்குத் தலையைக் குனிவது. சுக்கானை மட்டும் தொடமாட்டாள். தொண்ணூறாம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன ஒரு அகதி வள்ளத்தில் அவளும் இருந்தாள். "ஒண்டையும் தொடக்கூடாது, ஒருத்தரும் எழும்பக்கூடாது" என்று ஓட்டி சொன்னான். எழும்பிய ஒருவர் கரை சேரவில்லை. படகில் ஏறினால் ஓட்டுகிறவன் ஓட்டட்டும், மற்றவர்கள் சொன்னதைச் செய்யட்டும் என்பது அன்றைக்கு அவள் எடுத்த முடிவு. அதை மாற்ற ஒரு காரணமும் பிறகு வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் யூட்டுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தபோது டோறின் அழவில்லை. வீட்டுக் குசினியைத் துடைத்ததுபோலவே படகின் குசினியையும் துடைத்தாள். சீனிப் போத்தல், பிஸ்கற், ஜாம், குடிபானம் எல்லாம் போயின. தேநீருக்கு இனிப்புக் குளிசை. காலைக் குளிசைகளை அவளே எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்பாள்.

"நாக்கைத் தூக்குங்கோ."

"நான் உம்மட இல்லத்துக் கிழவனில்லை, டோறின்."

"இன்னும் இல்லை. தூக்குங்கோ."

அந்த ஈஸ்டருக்கு அவளுக்கு லீவு கிடைத்தது. வயோதிபர் இல்லத்தில் ஈஸ்டர் லீவு என்பது லேசில் கிடைக்கிற காரியமல்ல. மகள் ஜெனுஷா வடக்கே வங்காரேயில் தாதியாக இருக்கிறாள். வியாழன் காலை புறப்பட்டு, இரவு கவாவு தீவில் நங்கூரமிட்டு, மறுநாள் முழுக்க ஓடி வங்காரே முகத்துவாரத்தை அடைந்து, சனிக்கிழமை மகளோடு இருந்துவிட்டுத் திரும்புவது திட்டம். இரண்டு நீண்ட பகல் ஓட்டம். பயணத்தைப் பற்றி ஜெனுஷா தொலைபேசியில் ஒரே வசனந்தான் சொன்னாள்: "வை கான்ட் யூ கைஸ் ஜஸ்ட் ட்ரைவ், அம்மா?"

வியாழன் நல்லபடி முடிந்தது. வெள்ளி காலை கவாவு குடாவில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. டோறின் கைத்தொலைபேசியில் வானிலை பார்த்தாள். இன்றைக்குக் கிழக்குக் காற்று, அளவானது. பின்னேரத்துக்கு மேல் கூடும். நாளைக்குப் பலத்த காற்று எச்சரிக்கை.

யூட் படகின் பின்பக்கத்து வாங்குப் பலகையில் இருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கு இஞ்சயே நிண்டா என்ன?"

"நாளைக்குக் காத்து ஏறுது. நிண்டா ஞாயிறு வரைக்கும் இஞ்சதான் கிடக்கோணும். பிள்ளை சமைச்சு வச்சிருக்கும்."

"இண்டைக்குப் பெரிய வெள்ளி."

"பெரிய வெள்ளியெண்டு கடவுளுக்கும் தெரியும், வானிலை அறிக்கையும் அவருக்குத் தெரியும். குளிசையைப் போடுங்கோ."

அவர் குளிசையைப் போட்டார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். டோறின் ஒரு கோப்பை ஓட்ஸ் கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நங்கூரச் சங்கிலியின் சேற்றைக் கழுவினாள். கடற்பறவைகள் பின்பக்கம் கூடிக் கத்தின. திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது. பறவைகள் இன்னும் தண்ணீரில் கொத்திக்கொண்டிருந்தன. கோப்பையை அலசி வைத்தாள். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

தகட்டு முனையைத் தாண்டியதும் கொண்டல் பிடித்துக்கொண்டது. வலப்புறம் திறந்த கடல், இடப்புறம் கரை. 'மடு' ஒரு பக்கம் சாய்ந்து, அலையை வெட்டிக்கொண்டு வடக்கே ஓடியது. இப்படியான நாட்களில் இருவரும் அதிகம் கதைப்பதில்லை. அவர் சுக்கானைப் பிடித்தபடி பாயைப் பார்ப்பார். அவள் கயிற்றுக்குப் பக்கத்தில், முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இருப்பாள். ஒருவர் அலுத்தால் மற்றவருக்குத் தெரியும்.

நடுவில் ஒரு வழக்கம் உண்டு. முற்பகலில் யூட், "தேத்தண்ணி!" என்று கூப்பிடுவார். சுக்கானைத் தள்ளி, முன்பாயின் கயிற்றைத் தொடாமல் படகைத் திருப்பி, சுக்கானை ஒரு பக்கமாகக் கட்டிவிடுவார். முன்பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு இரண்டுக்கும் நடுவே தரித்து நின்றுவிடும். ஓட்டம் அடங்கும், ஆட்டம் அடங்கும். டோறின் கீழறையில் கொதிதண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவாள். கயிறு சுருட்டுவதைப் போலவே அதுவும் நாள்தோறும் நடப்பது. எப்படி நடக்கிறது என்று அவள் கேட்டதில்லை.

அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. ரொட்னி முனையைத் தாண்டிவிட்டார்கள்.

"என்னப்பா, தேத்தண்ணி வேண்டாமோ?"

"பிறகு."

ரொட்டியும் சம்பலும் சுற்றிக் கொடுத்தாள். "பிறகு" என்று பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது பொட்டலம் அங்கேயே கிடந்தது.

பக்கிரிக் கடற்கரை இடப்புறத்தில் தெரிய ஆரம்பித்தது. மைல் கணக்கில் வெறும் மணல். கொண்டல் அடிக்கும் நாளில் அந்தக் கரை முழுக்க அலை வெள்ளையாக உடையும். ஒதுங்க ஒரு குடா கிடையாது. அதனால்தான் யூட் எப்போதும் அங்கே கரையை விட்டு நன்றாக விலகி ஓடுவார். அன்றைக்குப் படகின் மூக்கு கரைப்பக்கம் சரிந்திருந்தது. பெரிய பாய் ஒரு தடவை படபடவென்று அடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"கரைப்பக்கம் போறம்போல கிடக்கு."

யூட் பெரிய கொட்டாவி ஒன்று விட்டார்.

"என்னப்பா, உங்களைத்தான்."

"வாயை மூடு. நீயா ஓட்டுறாய்?"

டோறின் திரும்பிப் பார்த்தாள். கலியாணம் செய்து முப்பத்தைந்து வருடம். சண்டை போட்டிருக்கிறார்கள், ஒருமுறை அவர் சுவரைக் குத்தி விரலை உடைத்தும் இருக்கிறார். ஒருநாளும் அவளை 'நீ' என்றதில்லை. கோபம் ஏற ஏற 'நீர்' இன்னும் அழுத்தமாக வரும், அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. இல்லத்தில், ஒழுங்காக இருந்த ஆள் திடீரென்று தூஷணம் பேசினால் முதலில் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. எழும்பிப் போய் அவருடைய கழுத்தின் பின்புறத்தில் கையை வைத்தாள். குளிர்காற்றில், ஜாக்கெற் கழுத்துக்குள், சட்டை தோயத் தோய வியர்வை. தோல் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. உதடு வெளிறியிருந்தது. கண் அவளைப் பார்த்தது, அடையாளம் காணவில்லை.

இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது.

குளிசை போட்டார், அவள் பார்த்தாள். சாப்பிட்டார்... சாப்பிட்டதை அவள் பார்க்கவில்லை. பறவைகள்தான் பார்த்தன.

"காலமை கஞ்சி குடிச்சனீங்களோ?"

"போடி."

சரி. இனிக் கேள்வி இல்லை. அவருடைய உயிர்காப்பு அங்கியின் பட்டியைப் பிடித்து, அதன் கொளுவியைப் படகின் வளையத்தில் மாட்டினாள். இனி விழுந்தாலும் படகோடுதான் கிடப்பார். பிறகு சுக்கானுக்குக் கையை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார். அறுபத்தாறு வயதிலும் மெக்கானிக் கை. அவளால் பிடுங்க முடியாது. அவர் பிடித்திருந்த சுக்கானோ படகை இன்னும் கரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. வெள்ளை அலைகளின் சத்தம் அவளுக்குக் கேட்டதா, கேட்டதாகத் தோன்றியதா தெரியாது.

பிடுங்குகிற வேலை இல்லத்தில் யாருக்கும் சொல்லித் தரப்படுவதில்லை. ஒரு கிழவர் அடுத்தவரின் கைத்தடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், பிடிக்க அவருக்கு வேறொன்று கொடுக்க வேண்டும்; அவருக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். டோறின் சுற்றிப் பார்த்தாள். கையருகே, அவளே சுருட்டி மாட்டிய உதிரிக் கயிறு. அதன் முனையை அவிழ்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இஞ்ச, இதைப் பிடியுங்கோ! ஓடுது, ஓடுது!"

பேசாலைப் பிள்ளை. ஓடுகிற கயிற்றைக் கண்டால் கை தானாகப் போகும். இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பிடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. சுக்கான் தனியே ஆடியது. டோறின் பிடித்தாள்.

முதல் தடவையாகப் பிடித்ததில் அது உயிருள்ளதுபோல் இழுத்தது. எந்தப் பக்கம் தள்ளுவது? யோசிக்க நேரமில்லை, கண்ணை மூடி, தேநீர் நேரத்தில் யூட் என்ன செய்வார் என்று பார்த்தாள். காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம், கரைப்பக்கம், உடம்பு முழுவதையும் போட்டுத் தள்ளுவார். தள்ளினாள். படகு காற்றுக்கு நேரே திரும்பியது, பாய்கள் இரண்டும் இடி இடிப்பதுபோல் அடித்தன, ஒரு அலை மூக்கில் மோதி அவளை நனைத்தது. படகு நின்று, பழையபடி கரைப்பக்கம் விழுந்தது.

வேகம் போதவில்லை. அவர் தள்ளுவதற்குமுன் படகை நன்றாக ஓடவிடுவார். அதுவும் ஞாபகம் வந்தது. கரையைப் பாராமல் பாயை மட்டும் பார்த்தாள். படகு சாய்ந்து வேகம் எடுக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கரை நெருங்கியது. இப்போது நிச்சயமாக அலையின் சத்தந்தான். மறுபடி தள்ளினாள். மூக்கு காற்றைக் கடந்தது. முன்பாயின் கயிற்றுக்குக் கை போனது. பழக்கதோஷம், படகு திரும்பும்போதெல்லாம் அதை அவிழ்ப்பதுதானே அவள் வேலை. "தொடாதை" என்று வாய்விட்டே தனக்குச் சொல்லிக் கையை இழுத்தாள். பாய் மறுபுறமாக வயிறு தள்ளியது. சுக்கானை மறுபக்கம் இழுத்துக் கட்டினாள், இரண்டு முடிச்சு, மேலே இன்னொன்று.

சத்தம் அடங்கியது. 'மடு' தேநீருக்கு நின்றது.

நின்றது என்றால் முழுக்க நின்றதல்ல. மெல்லக் கரைப்பக்கம் நகரும். யூட் சொல்லுவார்: மனிதன் நடக்கிறதிலும் மெதுவாக. கொஞ்ச நேரத்தை வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

யூட் கயிற்றைப் பிடித்தபடியே வாங்கில் சரிந்திருந்தார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே பொதி ஒன்றை வைத்தாள். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் முனகல் வந்தது. கன்னத்தில் விரலால் தட்டினால் விழுங்கினார். விழுங்கும்வரை வழி இருக்கிறது. விழுங்குவது நின்றால் வாய்க்குள் ஒன்றும் போடக்கூடாது. பிறகு ஊசிதான், ஊசி படகில் இல்லை.

கீழே இறங்கி ரேடியோவை எடுத்தாள். அவசர அழைப்பு எப்படிச் சொல்வது என்று யூட் எழுதி ஒட்டியிருந்ததைப் பாராமலே தொடங்கினாள், வேலைமாறும்போது அடுத்த ஆளிடம் நோயாளியை ஒப்படைக்கிற அதே ஒழுங்கில். ஆண், அறுபத்தாறு வயது, சீனி வருத்தம், இன்ன குளிசை, நேற்று இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை, வியர்வை, குழப்பம், இப்போது அரை மயக்கம். திரையில் தெரிந்த எண்களை வாசித்து இடத்தைச் சொன்னாள். படகில் மற்றது யார் என்று கோஸ்ட்கார்ட் பெண் கேட்டாள். "மனைவி. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது" என்றாள். கேட்டவள், மீட்புப் படகு புறப்படுகிறது, ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம், அதுவரை வாய்க்கு ஏதாவது சீனி கொடுக்க முடியுமா என்றாள்.

சீனி.

டோறின் குசினி அலுமாரியைத் திறந்தாள். ஓட்ஸ், மா, பருப்பு, உப்பு, இனிப்புக் குளிசை. சீனி இல்லாத குடிபானம் நான்கு ரின். அவளே பார்த்துப் பார்த்து அடுக்கியவை. ரொட்டி இருக்கிறது, சவைக்க வேண்டும். சவைக்க முடியாத ஆளுக்கு ரொட்டி கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். படகு முழுவதும் தேடினாலும் ஒரு சிட்டிகை சீனி கிடைக்காது. அந்த வேலையை அவள் அவ்வளவு திறமாகச் செய்திருந்தாள்.

மேலே போய்ப் பார்த்தாள். இப்போது கூப்பிட்டால் முனகல் வர நேரமெடுத்தது. அவருக்குப் பின்னால், சாய்ந்த படகின் விளிம்புக்கு மேலே, கரையில் தனித்தனி மரங்கள் தெரிந்தன.

யோசி. இந்த மனுஷன் ஆறு வருடமாக இனிப்பில்லாமல் இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார். இல்லத்தில் ஒருவரும் இருந்ததில்லை. பிஸ்கற்றைத் தலையணை உறைக்குள் ஒளிப்பார்கள், காலுறைக்குள் ஒளிப்பார்கள், ஒருத்தி ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் சொக்கிலேற் வைத்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான்: பராமரிப்பவளின் கை எங்கே போகாதோ அங்கே.

படகில் அவளுடைய கை போகாத இடம் இரண்டு. ஒன்று சுக்கான். மற்றது எஞ்சின் பெட்டி. டீசல் மணம் பட்டால் அவளுக்குக் குமட்டும்; எஞ்சினை இயக்கவும் பழகியதில்லை.

எஞ்சினை மறைத்து நின்ற படிக்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தாள். மணம் முகத்தில் அடித்தது. எஞ்சினுக்குப் பின்னால், சேலைத் துண்டு போன்ற ஒரு எண்ணெய்த் துணிக்குக் கீழே கையை விட்டாள். ஸ்பானர். இன்னொரு ஸ்பானர். பிளாஸ்ரிக் பை ஒன்று, வாய் முறுக்கி ரப்பர் வளையம் போட்டது. உள்ளே ரின்பால், சீனி போட்டுக் காய்ச்சிய கெட்டிப்பால். பற்பசைபோல் அமுக்கி எடுக்கிற ரியூப், பாதி தீர்ந்து, அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது.

"கள்ளப் பயல்" என்றாள் டோறின். அவள் அன்றைக்குச் சொன்ன ஒரே ஜெபம் அது.

விரல் நுனியில் கொஞ்சம் பிதுக்கி, கீழே இருந்த கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பூசித் தேய்த்தாள். காத்திருந்தாள். விழுங்கினார். இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டு நிறைய வைக்கக் கூடாது. ரேடியோ அவளை அழைத்தது. போய், "சீனி கிடைச்சிட்டுது, குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள். மறுபடி பூசினாள். கரையில் இப்போது மரம் மட்டுமல்ல, மணலில் நிறுத்திய வாகனம் ஒன்றும் தெரிந்தது, அதன் பக்கத்தில் ஆள் ஒருவர் நின்று கடலைப் பார்ப்பதும்.

எவ்வளவு நேரம் என்று அவள் பிறகும் சொன்னதில்லை. ரியூப்பில் ஒரு சுருள் மிச்சம் இருக்கும்போது யூட்டின் நெற்றி சுருங்கியது. நாக்கு தானாக வெளியே வந்து உதட்டை நக்கியது. கண் திறந்து, பாயை அண்ணாந்து பார்த்தது. அந்தக் கண் முதலில் போனது பாய்க்குத்தான், பிறகுதான் அவளுக்கு.

"என்ன டோறின்," என்றார், நாக்குக் குழற, "ஏன் படகை நிப்பாட்டினனீர்?"

நீர்.

"தேத்தண்ணிக்கு" என்றாள் டோறின்.

அவள் கையிலிருந்த ரியூப்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முகத்தைப் பிறகு திருப்பலாம். வாயைத் திறவுங்கோ."

மிச்சத்தையும் கொடுத்து, பிறகு ரொட்டியைச் சின்னதாகப் பிய்த்து ஊட்டினாள். அவர் சவைத்தபடியே கரையைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், கட்டியிருந்த சுக்கானைப் பார்த்தார்.

"கரை கிட்ட வந்திட்டுது. நான் எழும்பி..."

"எழும்பினா அடிப்பன். என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

"உமக்கு..."

"சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அவள் முடிச்சுகளை அவிழ்த்தாள். மூன்றாவது முடிச்சு இறுகிப்போய் நகத்தைக் கொண்டுபோயிற்று. முன்பாயை மறுபக்கம் விட்டு, கயிற்றை இழுத்து, சுக்கானைத் தன் பக்கம் கொண்டு வந்தாள். 'மடு' தயங்கி, பிறகு சாய்ந்து, மெல்லக் கடல்பக்கம் ஓடத் தொடங்கியது. கரையில் நின்றவர் சிறிதானார். யூட் படுத்தபடியே, "கொஞ்சம் விடும்... காணும். பிடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே வந்தது:

"பெரிய வெள்ளியில எங்கட ஊரில ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. வள்ளத்தைத் தொடவும் மாட்டினம். அப்பா வலையைக்கூட வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுவார். வாழ்க்கையில முதல்தரமா இண்டைக்குத்தான்... சாப்பிடாம ஒருசந்தியாவது இருப்பம் எண்டு நினைச்சன்."

"அறுபதுக்கு மேல ஒருசந்தி இல்லையெண்டு பங்குச் சுவாமியே சொல்லியிருக்கிறார்."

"அது கரையில நிக்கிற ஆக்களுக்கு."

"ஒருசந்தி இருக்கிறவர் குளிசையை ஏன் போட்டனீங்கள்?"

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "போடாட்டி நீர் விடுவீரோ?"

டோறின் பாயைப் பார்த்தாள். இன்றைக்குப் போவோம் என்றவள் அவள். குளிசையைப் போட வைத்தவள் அவள். அவர் கடலுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. கஞ்சியைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டார். "இண்டைக்குப் பெரிய வெள்ளி" என்று காலையில் அவர் சொன்னது நாள்காட்டியில் இருக்கிற சங்கதியாகத்தான் அவள் காதில் விழுந்தது.

மீட்புப் படகு வந்தபோது செம்மஞ்சள் உடுப்புக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, ஓட்டுவது யார் என்று கேட்டார். "இண்டைக்கு நான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் டோறின். அவர் கயிற்றை எறிந்தார். அதைப் பிடித்துக் கட்டும் வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் குளிசையால் இறங்கிய சீனி ஏறிவிட்டு மறுபடி இறங்கக் கூடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்து லீ துறையில் ஆம்புலன்ஸ் நின்றபோது, "நான் இப்ப சுகம்" என்று யூட் இழுத்ததை அவள் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை இறங்கத்தான் செய்தது. மறுநாள் வங்காரேயிலிருந்து காரில் வந்த ஜெனுஷா, கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள்.

"...ஸோ தட்ஸ் இற். படகை வில்லுங்கோ."

யூட் போர்வையைப் பார்த்தார்.

"ஏன் விக்கோணும்?" என்றாள் டோறின். "படகு ஒண்டும் செய்யேல்லை. சொன்ன இடத்தில நிண்டது. நாங்கள்தான் ஆளுக்காள் சொல்லாமல் இருந்தது."

"அம்மா, நீங்க நீந்தவும் மாட்டீங்கள்!"

"நீந்திற வேலை வரேல்லையே, பிள்ளை."

டொக்டர் குளிசையை மாற்றினார். டோறின் குசினி அலுமாரியை மாற்றினாள், சீனிக்கும் ஒரு மூலை. அந்தக் குளிர்காலம் முழுக்க, லீவு கிடைத்த ஞாயிறுகளில் தமாக்கி ஆற்றில் சுக்கானைப் பிடித்துப் பழகினாள். நல்ல மாணவி இல்லை. பக்கத்துப் படகு ஒன்றின் வாலை உரசி, அந்த வெள்ளைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு தட்டு றோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். மிதவையைப் பிடிக்கப் போய்க் கடந்து போவாள். திரும்பி வந்து மறுபடி கடந்து போவாள். முன்பக்கம் கொக்கியோடு குனிந்து நிற்கும் யூட், "அடுத்த பஸ்ஸில ஏறுவம்" என்பார்.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா நில்லுங்கோ, இல்லாட்டி நீங்களே நீந்திப் போய்ப் பிடியுங்கோ."

அடுத்த வருடம் பெரிய வெள்ளி நல்ல காற்றோடு விடிந்தது. வானிலை அறிக்கையும் நல்லது. 'மடு' மிதவையிலேயே கிடந்தது. யூட் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப்பாதை முடித்து வந்து, குசினி மேசையில் டோறினுக்கு எதிரே இருந்து கஞ்சியைக் கடைசிக் கரண்டி வரை குடித்தார். குடித்துவிட்டு, கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

சனிக்கிழமை காலை புறப்பட்டார்கள். கீழறைக்கு இறங்கும் வாசலில், இருவர் கண்ணிலும் படுகிற மாதிரி, ஆணியில் ஒரு நூலில் ரின்பால் ரியூப் தொங்கியது. இரவு கவாவு, ஞாயிறு ரொட்னி முனையைத் தாண்டியதும் டோறின் சுக்கானை உடம்பால் தள்ளினாள். முன்பாயைத் தொடவில்லை. படகு திரும்பித் தரித்தது. அவள் ஒரே ஒரு முடிச்சுப் போட்டாள்.

"தேத்தண்ணி!" என்று கீழறையை நோக்கிக் கூப்பிட்டாள்.

"வருது" என்றார் யூட் உள்ளேயிருந்து. கோப்பைச் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. ஆணியில் இருந்த நூல் மெல்ல அசைவது அவளுக்குத் தெரிந்தது.

"எனக்குக் கண் இருக்கு" என்றாள் டோறின்.

நூல் நின்றது.